மேலூர்ப் பக்கத்து டிரையத்லான் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமைக் கம்மாய் வகுப்பும்: நிறுத்தச் சொல்லலாமா?

பால்ரஸ்:

எல்லாருக்கும் வணக்கம். மேலூர்ப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். டயர், கியர் என்று யாராவது சந்தேகம் கேட்டால் பதில் போடுவதோடு சரி, இங்கே நானாக இழை தொடங்கியதில்லை. இப்போது நான் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பெண். பெயரும் ஊரும் வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிளில்தான் ஓட்டவே பழகினாள். இப்போது ஆஃப்ரோடு டிரையத்லானில் மளமளவென்று மேலே வருகிறாள். வெளி மாநிலப் போட்டிகளில் அவள் வயதுப் பிரிவில் மேடை ஏறத் தொடங்கிவிட்டாள். அடுத்து வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்குத் தயாராகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கம்மாயில் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுப்பாள். அது முடிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூட சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் கடை வாசலுக்கு வந்துவிடுவார்கள். அங்கே பழுது பார்க்கிற வேலை. யாரிடமும் காசு வாங்குவதில்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால், அவளுக்கு ஆன்லைனில் பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுக்கும் கோச், போட்டி முடியும்வரை ஞாயிறு வகுப்பை நிறுத்தச் சொல்கிறார். நீண்ட சைக்கிள் பயிற்சிக்கு இருப்பது அந்த ஒரு நாள்தான் என்பது அவர் கணக்கு. இவள் முடியாது என்கிறாள். அவள் அம்மா கடைக்கே வந்து, "நீங்க சொன்னா கேப்பா தம்பி" என்றார். சொல்லலாமா?

டீக்கடை பெஞ்சு:

அண்ணே, டிரையத்லான் தெரியும். நீச்சல், சைக்கிள், ஓட்டம். அதில் ஆஃப்ரோடு என்றால் என்ன? தார் ரோடு இல்லாத ஊரில் நடத்துவதா? :)

மண்பாதை:

பெஞ்சு தம்பி, ஏறக்குறைய அதேதான். ரோட்டில் நடக்கும் ஒலிம்பிக் தூர டிரையத்லான் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள். ஆஃப்ரோடில் நீச்சல் கடலிலோ ஏரியிலோ, சைக்கிள் மலைப்பாதையில், ஓட்டமும் காட்டுப்பாதையில். 1996இல் ஹவாயின் மௌயி தீவில் எக்ஸ்டெரா என்ற போட்டி தொடங்கியது, இந்த விளையாட்டு பரவியது அதற்கு அப்புறம்தான். முழுத் தூரம் சுமார் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 30 கிலோமீட்டரை ஒட்டி சைக்கிள், 10 கிலோமீட்டரை ஒட்டி ஓட்டம். மலைக்கு மலை தூரம் கொஞ்சம் மாறும். உலகப் போட்டி பல வருஷம் மௌயியிலேயே நடந்து, 2022இல் இத்தாலியின் மொல்வேனோ ஏரிக்குப் போனது. சர்வதேச டிரையத்லான் சங்கமும் 2011இலிருந்து கிராஸ் டிரையத்லான் என்ற பெயரில் தனியாக உலகப் போட்டி வைக்கிறது. முதல் தடவை ஸ்பெயினில்.

இதைச் சின்ன விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் டிரையத்லான் தங்கம் வாங்கிய ஃப்ளோரா டஃபி, அதற்கு முன்பே பலமுறை எக்ஸ்டெரா உலகச் சாம்பியன். அவருடைய ஊரான பெர்முடா நம் மேலூர் வட்டத்தைவிடச் சின்ன இடம். ஒலிம்பிக்கில் அந்தத் தீவுக்குக் கிடைத்த முதல் தங்கமே அதுதான்.

கறார்பேர்வழி:

கேள்விக்கு வருகிறேன். நிறுத்தச் சொல்லுங்கள். கோச் சொல்வதுதான் சரி.

நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது கொஞ்சம் மேலே வந்தால் போதும், உடனே அவர் ஊருக்கு என்ன செய்தார் என்று கேட்போம். கிரிக்கெட் ஆடுகிற பையனிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. பெண் பிள்ளை, அதுவும் கிராமம் என்றால் சேவையும் சேர்த்துச் செய்தால்தான் பாராட்டுவார்கள். முதலில் அவள் ஜெயிக்கட்டும். அப்புறம் அகாடமியே வைக்கட்டும், யார் வேண்டாம் என்றது? உடம்பு உச்சத்தில் இருப்பது சில வருஷம்தான், கம்மாய் எங்கேயும் போகாது.

இன்னொன்று, இதை யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இன்று கைதட்டுகிற அதே ஊர் அன்று அவள் வீட்டு வாசலில் நிற்கும்.

முன்னாள் பிடி வாத்தியார்:

கறார் சொன்ன கடைசி விஷயம் நியாயமான பயம். ஆனால் அதற்குப் பதிலும் அந்தக் கம்மாயிலேயே இருக்கிறது.

மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்தவன் நான். காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறக்கும் நாளில், தண்ணீரில் போன பிள்ளைக்காக இரங்கல் கூட்டம் நடத்தும் கொடுமை எந்த வாத்தியாருக்கும் வரக்கூடாது. கம்மாய் முன்பு இருந்தது போல இப்போது இல்லை. அந்தக் காலத்தில் கரையிலிருந்து சரிவாக ஆழம் போகும், இறங்கினால் காலுக்குத் தெரியும். இப்போது வண்டல் எடுக்கிறேன் என்று இயந்திரத்தை இறக்கி, ஓர் இடத்தில் முழங்கால் ஆழம், அடுத்த எட்டில் ஆள் ஆழம் என்று குழியாகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மழைக்குப் பிறகு மேலே பார்த்தால் ஒரே மட்டமாகத் தண்ணீர், அடியில் என்ன இருக்கிறது என்று கரையில் நிற்பவனுக்குத் தெரியாது. பாசனத்துக்குத் தண்ணீர் விடும் மடை திறந்திருந்தால் உள்ளே இழுக்கும், கிட்டவே போகக்கூடாது. கம்மாய் நிரம்பி மறுகால் பாயும்போது, மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கில் நின்று படம் பிடிக்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள்.

அந்தப் பெண் வகுப்பு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பிள்ளைகள் இறங்கத்தான் போகிறார்கள். ஞாயிறு காலை அவள் கண் முன்னால் இறங்குவது நல்லதா, மத்தியானம் யாரும் இல்லாதபோது இறங்குவது நல்லதா? பால்ரஸ் தம்பி, கோடையில் கம்மாய் வற்றிக் கிடக்கும்போதே குழிகளைப் பார்த்து வைத்து, தண்ணீர் வருவதற்குள் அங்கங்கே மூங்கில் நட்டு மேலே சிவப்புத் துணி கட்டச் சொல்லுங்கள். ஊராட்சியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

டீக்கடை பெஞ்சு:

சார், எங்கள் வாத்தியாரும் இப்படித்தான் பேசுவார். கடைசியில் பாடம் நடத்தாமல் விட மாட்டார் :)

நைட் டூட்டி:

வாத்தியார் விட்ட இடத்திலிருந்து. அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன், இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மூழ்குகிறவர் சினிமாவில் காட்டுவது போலக் கத்த மாட்டார், கையை ஆட்டிக் கூப்பிடவும் மாட்டார். வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மூச்சு எடுப்பதற்கே நேரம் போதாது, கத்துவது எப்படி? பக்கத்தில் நிற்பவனுக்கு விளையாடுவது போலத்தான் தெரியும். நீந்தத் தெரியாதவர் காப்பாற்றக் குதித்தால் போவது இரண்டு உயிர். கம்பு, கயிறு, மூடி போட்ட காலிக் குடம், வேட்டி, சேலை, எது கையில் கிடைக்கிறதோ அதை நீட்டுங்கள், வீசுங்கள். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நான்கு இளைஞர்கள் தண்ணீரில் சிக்கியபோது, அங்கே நின்ற மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரை இழுத்தார்கள். மாநில அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

வெளியே எடுத்த பிறகு வயிற்றை அமுக்குவது, தலைகீழாகப் பிடிப்பது, தோளில் போட்டுச் சுற்றுவது எதுவும் வேண்டாம். அதில் போவது மூச்சுக்கான நேரம். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும், பிறகு நெஞ்சை அழுத்த வேண்டும். அதே நேரம் இன்னொருவர் 108க்கு அடிக்க வேண்டும். நீச்சல் பழகுவதற்கு முன்பே பிள்ளைகள் இதைப் பழகட்டும். முறைப்படி கற்றுத் தர ஆள் தேவை என்றால் நான் ஒரு ஞாயிறு வருகிறேன், டூட்டி மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்று மறந்துவிட்டேன். காலில் வெட்டுக்காயம், புண் இருக்கும் பிள்ளையை மழைத் தண்ணீர் புதிதாக வந்த கம்மாயில் இறக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வரும். முள்ளில் ஓடும் அந்தப் பெண்ணுக்கும் இதே விதிதான்.

கறார்பேர்வழி:

நல்ல தகவல்கள், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எல்லாரும் கம்மாய் வகுப்பு ஊருக்கு நல்லதா என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள். பால்ரஸ் கேட்டது அவளுக்கு நல்லதா என்று.

மதுரை வெயிலில் நீண்ட சைக்கிள் பயிற்சியை விடிவதற்கு முன் தொடங்கினால்தான் உண்டு. ஒன்பது மணிக்கு மேல் பாறை கொதிக்கும். ஞாயிறு காலை போனால் அந்த வாரமே போனது. ஊருக்கெல்லாம் செய்துவிட்டு மலை ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றால், பக்கத்தில் போகிறவள் நல்ல பிள்ளை என்று வழி விடுவாளா?

மண்பாதை:

கறார், உங்கள் கேள்விக்கே பதில் சொல்கிறேன். அவள் எங்கே பயிற்சி எடுக்கிறாள் என்று யோசித்தீர்களா?

நம் பக்கத்தில் இதற்கென்று கட்டிவைத்த தடம் ஒன்றும் கிடையாது. அழகர்மலை காப்புக்காடு, உள்ளே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கீழக்குயில்குடி சமணர்மலையில் தீர்த்தங்கரர் சிற்பமும் வட்டெழுத்தும் இருக்கிற பாறையில் டயர் படவே கூடாது (போன வருஷம் ஒரு கோஷ்டி ஏற்றி வீடியோ போட்டதைப் பார்த்து வயிறு எரிந்தது). அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சிறுமலைக்குப் போனால் ஏற்றம் கிடைக்கும், 18 கொண்டை ஊசி வளைவு, ஆனால் அது தார் ரோடு. மிச்சம் இருப்பது என்ன? கம்மாய்க் கரை, வண்டிப்பாதை, வரப்பு, பொட்டல், மந்தை, மலையடிவாரம். எல்லாம் யாரோ ஒருவருடைய நிலம், அல்லது ஊர்ப் பொது.

அந்தப் பாறைகள் இன்று இருப்பதே ஊர்க்காரர்களால்தான். அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது மேலூர்ப் பக்கத்துச் சனம் ஆயிரக்கணக்கில் மதுரைக்கு நடந்து வந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த நடைக்குப் போனவர்களின் வரப்பில்தான் இவள் ஓடுகிறாள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு பெண் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு தனியாகக் காட்டுப் பக்கம் ஓடுவதற்கு மாட்டுக்காரர், பால்காரர், நாய் வளர்ப்பவர் எல்லாருக்கும் அவளைத் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுடைய பிள்ளைகள்தான் ஞாயிறு வகுப்பில் இருக்கிறார்கள். அந்த வகுப்பை நிறுத்தினால் மற்ற நாள் பயிற்சிக்கும் ஆபத்து என்கிறேன். இதை எந்தக் கோச்சும் சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து தாளில் எழுத முடியாது.

கறார்பேர்வழி:

ஊர் அனுமதிக்கு அவள் வாடகை கட்டுகிறாள் என்கிறீர்கள். அதைத்தான் நானும் சொன்னேன். ஆண் பையனிடம் யாரும் வாடகை கேட்க மாட்டார்கள்.

அம்மாவும் ஓட்டுவாள்:

கறார் அண்ணா சொல்வதில் பாதி எனக்கும் சுருக்கென்று பட்டது, உண்மைதான். ஆனாலும் வேறொரு பக்கம் இருக்கிறது.

நான் ஒத்தக்கடை. மகளை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம் நீச்சல்குளத்துக்குக் கூட்டிப் போவேன். கட்டணம், பஸ், அதற்கென்று உடை, எல்லாம் சேர்த்தால் ஊர்ப்புறத்துக் குடும்பத்தால் முடியாது. கிணற்றில் அப்பாவோ மாமாவோ இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டித் தள்ளிவிட்டு ஆம்பளைப் பிள்ளைகளைப் பழக்கிவிடுவார்கள். பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் அதோடு தண்ணீர்ப் பக்கம் கிடையாது. துணி துவைக்க மட்டும் போகலாம்! துவைக்கப் போன இடத்தில் வழுக்கினால் நீந்தத் தெரியாது.

ஒரு தடவை அந்த வகுப்பைப் பார்க்கவென்றே போனேன். கரையில் அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் சுடிதாரும் முழுக்கை சட்டையுமாக இறங்கினார்கள். துணியோடு மிதக்கத்தான் முதலில் பழக்குகிறாள், விழும்போது துணியோடுதானே விழுவோம். சொல்லிக் கொடுப்பது ஆணாக இருந்தால் அதில் பாதிப் பிள்ளைகள் வந்திருக்க மாட்டார்கள். அவள் இடத்தில் வேறு ஆள் வைக்கலாம் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது, பாருங்கள்.

பால்ரஸ்:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கடை வாசல் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன்.

அரசு சைக்கிள் தரமில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். சைக்கிளில் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை, ஆனால் முக்கால்வாசி வண்டி மூலையில் கிடப்பது கவனிக்காததால். புது வண்டியைப் பிரித்து கிரீஸ் வைத்து, சக்கரத்துக்குள் இருக்கும் பால்ரஸ் குண்டுகளைச் சரிபார்த்து மாட்டினால் பிளஸ் டூ தாண்டியும் ஓடும். அப்படியே ஓட்டினால் மழைக்காலத்தில் துரு ஏறி ஃப்ரீவீல் பிடித்துக்கொள்ளும். அப்புறம் செயின் கழலும், பிரேக் கட்டை தேயும், கடைசியில் பழைய இரும்புக்காரனிடம் போகும். ஓவராயில் பண்ண என்னிடம் கொடுத்தால் கூலி, அந்த வீட்டுக்கு அது பெரிய காசு. இவள் பிள்ளைகளையே பிரிக்க வைக்கிறாள். ஸ்பேனர் என்னுடையது, கிரீஸும் என்னுடையது (இதை என் வீட்டுக்காரம்மா படிக்கக் கூடாது). வீல் கோட்டம் எடுக்க மட்டும் நான் உட்காருவேன், அதற்குக் கை பழக வேண்டும். ஒன்பதாவது படிக்கிற ஒரு பிள்ளை இப்போது என்னைவிட வேகமாகப் பஞ்சர் ஒட்டுகிறாள்.

சீமைக்கருவேல முள் இருக்கும்வரை நம் ஊரில் பஞ்சருக்குப் பஞ்சமில்லை. 2017இல் நீதிமன்றம் அத்தனையையும் பிடுங்கச் சொன்னது, கொஞ்சநாள் பிடுங்கினார்கள், மறுபடி தழைத்துவிட்டது. மலைச் சைக்கிளுக்கு ட்யூப்லெஸ் போட்டு, ஓட்டையைத் தானாக அடைக்கும் சீலன்ட் திரவத்தை உள்ளே ஊற்றினால்தான் கம்மாய்க் கரையில் ஓட்ட முடியும். இந்த வெயிலுக்குச் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், அட்டையில் போட்ட கணக்கை நம்பாமல் அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். போட்டியில் முள் ஏறினால் ஓரமாக நின்று பிளக் சொருகி, காற்றடித்துவிட்டு ஓட வேண்டியதுதான். வேறு யாரும் உதவக்கூடாது என்றுதான் பல போட்டிகளில் விதி. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தே இவள் கை அதில் வேகமாகிவிட்டது, அது நிஜம்.

பழைய செயின்:

ஆஃப்ரோடு போட்டிகளில் கொஞ்சகாலம் ஓடிய அனுபவத்தில் சொல்கிறேன். நிறுத்துவதா வேண்டாமா என்றே பேசுகிறீர்கள், கிழமையை மாற்றுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. நீண்ட சைக்கிளைச் சனிக்கிழமைக்கு மாற்றட்டும். ஞாயிறு களைத்த உடம்போடு லேசாக நீந்துவது மீட்சிக்கு நல்லது. வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் அவள் தன் நீச்சலை முடித்துக்கொள்ளலாம்.

கம்மாய் நீச்சலுக்கு இன்னொரு லாபம் உண்டு. குளத்தில் அடியில் கோடு இருக்கும், சுவர் இருக்கும். திறந்த நீரில் ஏழெட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கித் திசை பார்க்காவிட்டால் நேராகவே போக முடியாது. கலங்கல் தண்ணீரில் பழகியவள் கடலில் பதற மாட்டாள். நகரத்து நீச்சல்காரர்கள் முதல் ஆஃப்ரோடு போட்டியில் திணறுவது பெரும்பாலும் இதில்தான்.

"உடம்பு உச்சம் சில வருஷம்தான்" என்றார் கறார். அமெரிக்காவின் நெட் ஓவரெண்ட் 1998, 1999 இரண்டு வருஷமும் மௌயியில் ஜெயித்தார். அப்போது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. இந்த விளையாட்டில் பாதை படிக்கத் தெரிந்த கண்ணுக்கும் மதிப்பு இருக்கிறது.

கறார்பேர்வழி:

நெட் ஓவரெண்ட் அதற்கு முன்பே மலைச் சைக்கிளில் உலகச் சாம்பியன். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மற்றபடி சனிக்கிழமை யோசனைக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை, அவளுக்குச் சனிக்கிழமை வேலை இல்லை என்றால்.

பால்ரஸ்:

சனி அரை நாள் வேலை. அதுதான் இடிக்கிறது. இந்த இழையை அவளிடம் காட்டிவிட்டேன். கொஞ்சம் கோபம்தான். அவளே எழுதுகிறேன் என்றாள்.

கலுங்குமேடு:

வணக்கம். நான்தான்.

முதலில், இதைச் சேவை என்று எழுத வேண்டாம். கறார் அண்ணன் வாடகை என்று எழுதியதும் பிடிக்கவில்லை, ஆனால் பையனிடம் இப்படிக் கேட்க மாட்டார்கள் என்றது சரி. என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் ஆரம்பித்தேன், காரணம் கொஞ்சம் சுயநலம். கம்மாயில் தனியாக நீந்தக் கூடாது. அம்மா விடமாட்டார், நானும் இறங்க மாட்டேன். கரையில் நிற்க ஆள் வேண்டும். பிள்ளைகளைக் கூப்பிட்டேன், அவர்களோடு அம்மாக்கள் வந்தார்கள். இப்போது நான் மறுகரைக்குப் போய்த் திரும்பும்வரை கயிறும் குடமுமாகக் கரையில் ஒரு கூட்டமே நிற்கிறது. பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் ட்யூபில் கூடவே வருகிறார்கள். காசு கொடுத்தாலும் இது எனக்குக் கிடைக்காது.

கோச் சாருக்கு இது தெரியாது, நான் விளக்கிச் சொல்லவில்லை. நேற்றுச் சொன்னேன். வகுப்பை முக்கால் மணி நேரமாகக் குறைத்து, அதற்குமுன் என் நீச்சலையும் அதற்குப்பின் ஓட்டத்தையும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். நீண்ட சைக்கிளுக்குச் சனிக்கிழமை அதிகாலை இரண்டரை மணிக்கே கிளம்பிவிடுவேன். பால்ரஸ் அண்ணன் புது விளக்கு தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதை இங்கே எழுதவில்லை, ஞாபகப்படுத்துகிறேன்.

எப்படியும் பங்குனி பிறந்தால் கம்மாய் வற்றிவிடும். பிறகு கிணறும் ரேஸ்கோர்ஸ் குளமும்தான். போட்டி அதற்கு அப்புறம். அதனால் இந்தச் சண்டையே இரண்டு மாதச் சண்டைதான். வாத்தியார் சார் சொன்ன குழி அடையாளம் நல்ல யோசனை, வற்றியதும் செய்கிறோம். நைட் டூட்டி சார் எந்த ஞாயிறு வந்தாலும் சரி, மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்திப் பழகும் பொம்மை ஒன்று இருந்தால் கொண்டுவாருங்கள்.

உடனே தேவைப்படுவது காற்றடித்த லாரி ட்யூப், அப்புறம் நல்ல நைலான் கயிறு. பணம் அனுப்ப வேண்டாம்.

டீக்கடை பெஞ்சு:

தங்கச்சி, இப்போது லாரியும் ட்யூப்லெஸ் ஆகிக்கொண்டிருக்கிறது, ட்யூப் கிடைப்பது கஷ்டம். என் மச்சானிடம் பழைய டிராக்டர் ட்யூப் இரண்டு கிடக்கிறது. ஒன்றில் வால்வு போய்விட்டது.

பால்ரஸ்:

டிராக்டர் பின்சக்கர ட்யூப் என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பெரிசு, நடுவில் நழுவிவிடுவார்கள். முன்சக்கரமா என்று பார்த்துச் சொல்லுங்கள். வால்வை நான் மாற்றிக்கொள்கிறேன்.

டீக்கடை பெஞ்சு:

முன்சக்கரம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேலூர் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். கண்டக்டர் லக்கேஜ் கேட்டால் அது உங்கள் கணக்கு அண்ணே :)